தாடியன்று, தாம்பு: மாகாண ஆளுநர் பதவி பற்றிச் சில சிந்தனைகள்

ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்று அறிஞர் அண்ணா கேட்டதாக வழங்கும் கேள்வி, பாக்கு நீரிணையின் இக்கரையிலும் நெடுங்காலமாகப் பயின்று வருகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் மாகாண ஆளுநரைக் கண்டிக்க எழுகின்ற மேடைப் பேச்சாளர் பலரும் அதனை ஒரு தடவையேனும் எடுத்தாள்வர். கேட்போர் சிரிப்பர், கைதட்டுவர், கூட்டம் கலையும். ஆனால் அச்சிரிப்பு ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. ஆட்டின் தாடி பயனற்றதேயன்றித் தீங்கு செய்வதன்று. அது ஆட்டின் மேய்ச்சலைத் தடுப்பதில்லை. இன்ன இடத்துக்கு மேற் போகாதே என்று அதனைப் பிடித்திழுப்பதுமில்லை. இலங்கையின் மாகாண ஆளுநரோ அத்தகைய வெறும் அலங்காரம் அல்லர். அவர் பதவி ஆட்டின் கழுத்திற் கட்டப்பட்ட தாம்பு. அதன் மறுமுனை கொழும்பிலே சனாதிபதியின் கையில் இருக்கின்றது. தாடியை எண்ணிச் சிரித்துப் பழகிய தமிழ் அரசியல் தாம்பைக் காணத் தவறிவிட்டது. அத்தவற்றின் விளைவுகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆளுநர் என்னும் பதவி இந்நாட்டுக்குப் புதியதொன்றன்று. பிரித்தானியர் ஆட்சியில் அவர் தேசாதிபதி எனப்பட்டார். 1798இல் வந்த பிரெடரிக் நோர்த் தொடக்கம் 1948 வரையும் தேசாதிபதிகள் இத்தீவை ஆண்டனர். அவர்கள் இலண்டனுக்குப் பொறுப்புடையோராயினர். ஆளப்பட்ட மக்களுக்குப் பொறுப்புடையோராய் இருந்ததில்லை. மக்களின் கிளர்ச்சி வளர வளரச் சட்டசபையிற் சில ஆசனங்கள் திறக்கப்பட்டன. 1924ஆம் ஆண்டின் அரசியல் திட்டத்தின் கீழ் 49 பேரைக் கொண்ட சட்டசபையில் 37 பேர் உத்தியோகப் பற்றற்றோர். பெரும்பான்மை உள்ளூராரிடம் வந்துவிட்டது. நிருவாகமோ தேசாதிபதியிடமே இருந்தது. சபையிற் பேசலாம், வினவலாம், வாக்களிக்கலாம், ஆள முடியாது. 1928இல் அறிக்கை சமர்ப்பித்த டொனமூர் ஆணைக்குழு இவ்வமைப்பின் தலையாய குறையாகக் கண்டது, அதிகாரமும் பொறுப்பும் வெவ்வேறிடங்களிற் பிரிந்து கிடந்தமையையே. அந்நோய்க்கு 1931இல் ஒருவகை மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் அதே நோய் அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1987இல், அதிகாரப் பகிர்வு என்னும் பெயரோடு மாகாணங்களிற் குடியேற்றப்பட்டது என்பதை மாணவரும் அரசியலாளரும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிப்பவர்க்கு மாகாணத்தின் ஆட்சி யாரிடம் உள்ளது என்பதில் ஐயம் எழாது. 154ஆ உறுப்புரையின்படி ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. அவர் விரும்பும் காலம்வரையே ஆளுநர் பதவி வகிப்பார். 154இ உறுப்புரையின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநராற் பிரயோகிக்கப்படும். அதனை அவர் நேரடியாகவும் பிரயோகிக்கலாம். அமைச்சர் வாரியத்தின் ஊடாகவும் பிரயோகிக்கலாம். தமக்குக் கீழ்ப்பட்ட அலுவலர் ஊடாகவும் பிரயோகிக்கலாம். முதலமைச்சரும் அவரோடு நான்கு அமைச்சர்களும் ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்க இருப்பவர்கள். சட்டத்தின் மொழியில், மாகாணத்தை ஆள்பவர் ஆளுநர். மக்கள் தெரிவு செய்தவர் அவருக்கு ஆலோசகர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. 154ஊ உறுப்புரையின் முதலாம் பந்தி, ஆளுநர் அமைச்சர் வாரியத்தின் ஆலோசனைப்படியே செயலாற்ற வேண்டுமெனக் கூறவில்லையா என்று சட்டமறிந்தோர் கேட்பர். கூறுகின்றது. ஆனால் அரசியலமைப்புத் தமது தற்றுணிபுக்கு விட்ட கருமங்கள் அதற்கு விலக்கு என்றும் அதே பந்தி கூறுகின்றது. எக்கருமம் தற்றுணிபுக்கு உரியது என்று ஐயம் எழுந்தால் அதனைத் தீர்ப்பவர் யார்? ஆளுநரே. அத்தீர்மானம் முடிவானது, நீதிமன்றத்தில் அதனை வினாவுக்குட்படுத்தவும் முடியாது. அத்தற்றுணிபு எவ்வாறு பிரயோகிக்கப்படும்? சனாதிபதியின் பணிப்புரைகளின்படி. இம்மூன்று விடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் ஆலோசனைக்குக் கட்டுப்படுதல் என்னும் கொள்கையில் எஞ்சுவது மிகச் சிறிதே. தமது எல்லையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை பெற்ற ஒருவர், வகுத்த எல்லைக்குள் இன்னொருவர் சொற்படி நடக்கின்றார்.

இந்த ஏற்பாடுகள் இந்திய அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவையே என்று கூறி ஆறுதல் அடைவாரும் உளர். பாதி உண்மையே அது. இந்திய அரசியலமைப்பின் 163ஆம் உறுப்புரையும் தற்றுணிபு எது என்பதை ஆளுநரின் தீர்மானத்துக்கே விடுகின்றது. ஆனால் தற்றுணிபைக் குடியரசுத் தலைவரின் பணிப்புரைப்படி பிரயோகிக்க வேண்டும் என்னும் வாசகம் அங்கு இல்லை. அது கொழும்பில் தனியாகச் சேர்க்கப்பட்டது. அன்றியும், ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டின் சம்சேர் சிங் வழக்கில் ஐயத்துக்கிடமின்றி வரையறுத்தது. அங்கு மாநில அரசின் அன்றாட நிருவாகம் ஆளுநரின் பெயரால் நடைபெறினும் ஆளுநரால் நடைபெறுவதில்லை. இங்கோ 42ஆம் இலக்கச் சட்டம் அந்த இடைவெளியையும் மூடிவிட்டது. மாகாண அரசாங்க சேவையின் நியமனம், இடமாற்றம், பணிநீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியன அச்சட்டத்தின் 32ஆம் பிரிவால் ஆளுநரிடம் ஒப்படைக்கப்பட்டன. மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவை அமைப்பவரும் அவர். அதன் கட்டளைகளை மாற்றவோ நீக்கவோ வல்லவரும் அவர். மாகாண நிதியத்தின் பாதுகாப்புக்கும் கொடுப்பனவுகளுக்கும் விதிகளை ஆக்குபவர் அவர். நிதி சார்ந்த நியதிச்சட்டம் எதுவும் அவர் விதப்புரையின்றிச் சபையிற் புக முடியாது. ஆளும் பணமும் ஒருவரிடம், அவைக்களமும் செங்கோலும் மற்றவரிடம். இது பகிர்வு எனின், நெல்லைத் தமக்கு வைத்துக்கொண்டு மரக்காலைக் கொடுத்தவரும் பகிர்ந்தவரே ஆவார்.

இவ்வமைப்புத் தற்செயலாக நேர்ந்த பிழையன்று என்பதை அறிதல் அவசியம். 1987இல் இச்சட்டமூலங்கள் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் முன்னிலையில் ஆராயப்பட்டன. பொதுசன வாக்கெடுப்பு வேண்டுமா என்பதில் நீதியரசர்கள் கூர்மையாகப் பிளவுண்டனர். நான்கு நீதியரசர் வாக்கெடுப்பு வேண்டாம் என்றனர். நால்வர் வேண்டும் என்றனர். ஒன்பதாமவர் சில ஏற்பாடுகளுக்கு மட்டும் அது வேண்டும் என்றார். வேண்டாம் என்ற நால்வரின் நியாயத்தை உற்றுநோக்குதல் வேண்டும். மாகாண சபைகள் ஒற்றையாட்சித் தன்மையைப் பாதிக்கவில்லை; ஏனெனில் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் சனாதிபதியால் நியமிக்கப்பட்டு அவருக்குக் கட்டுப்பட்ட ஆளுநரிடமே இருக்கின்றது என்பது அந்நியாயத்தின் ஒரு தூண். மாகாண சபை பிறப்பதற்கு அனுமதி கிடைத்தது, அது தன்னாட்சி உடையதன்று என்பதை மெய்ப்பித்தமையாலேயே. தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர்கள் அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே இச்சட்டமூலங்களின் குறைபாடுகளை இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்குக் கடிதமூலம் எடுத்துரைத்தனர். குறை அறியப்படாதிருக்கவில்லை, அறிந்தே ஏற்கப்பட்டது.

ஏட்டில் உள்ளது நடைமுறையில் எவ்வாறு விளைந்தது என்பதற்கு வட மாகாணத்தைப் போன்ற சான்று வேறில்லை. 1988 நவம்பரில் தேர்தல் நடந்து அமைந்த வடக்குக் கிழக்கு மாகாண சபை 1990இற் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் வடக்கில் 2013 செப்தெம்பர் 21இலேயே நடைபெற்றது. இடைப்பட்ட 23 ஆண்டுகளும் மாகாண நிருவாகம் ஆளுநரின் கையில் இருந்தது. 2013இல் அமைந்த சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிவுற்றது. 1987 தொடக்கம் 2024 வரையான 37 ஆண்டுகளில் வடபகுதி மக்களுக்குத் தாம் தெரிவு செய்த மாகாண சபை இருந்த காலம் ஏழாண்டு கூட நிறையவில்லை. ஆளுநர் ஆட்சி விதியாகவும் மக்களாட்சி விலக்காகவும் ஆன வரலாறு இது.

சபை இல்லாத காலத்தில் ஆளுநர் தம்மை என்னவாகக் கருதிக்கொண்டார் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் திவிநெகும சட்டமூல விவகாரம் தக்க சான்று. மாகாணங்களுக்குரிய விடயங்களிற் கைவைத்த அச்சட்டமூலம் எல்லா மாகாண சபைகளினதும் கருத்துக்கு விடப்படல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஏனைய எட்டு மாகாணங்களிற் சபைகள் கூடி வாக்களித்தன. வடக்கிற் கூடுவதற்குச் சபை இல்லை. ஆயினும் வட மாகாணத்தின் இணக்கம் கிடைத்தது. அதனை அளித்தவர் ஆளுநராக இருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. மாகாண அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்கு மாகாணத்தின் சார்பிற் சம்மதம் தெரிவித்தவர், அதனைக் குறைக்க விரும்பிய அரசாங்கத்தின் தலைவரால் நியமிக்கப்பட்டவர்! மாவை சேனாதிராசா இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். சபை ஒன்று இல்லாதவிடத்து ஆளுநர் அதன் இடத்தில் நின்று கருத்துத் தெரிவிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. நீதி நிலைநாட்டப்பட்டது என மகிழ்ந்தோரின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2013 சனவரியில் அச்சட்டமூலம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேறியது. அவ்வாயத்துக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் அதே மாதத்திற் குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார்.

சபை அமைந்த பின்னராவது நிலைமை மாறியதா? 2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. இதனிலும் தெளிவான மக்களாணை இந்நாட்டு மாகாணத் தேர்தல்களில் அரிது. இராணுவப் பின்னணியுடைய ஆளுநரை மாற்றி ஒரு சிவிலியரை நியமிக்குமாறு 2014 சனவரியிற் சபை தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்துக்குக் கிடைத்த விடை அவ்வாண்டு யூலையில் வந்தது: அதே ஆளுநருக்கு இன்னொரு பதவிக்காலம் வழங்கப்பட்டது. ஆளுநரை நீக்குமாறு மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் சனாதிபதியிடம் முறையிடும் வழி 154ஆ உறுப்புரையில் உண்டே எனலாம். அதற்கு வேண்டிய எண்ணிக்கையும் அச்சபையில் இருந்தது. எனினும் அவ்வழியும் ஈற்றில் ஓர் ஆலோசனையாகவே முடிகின்றது. சனாதிபதி அதனை ஏற்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. பிரதம செயலாளருக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான பிணக்கு 2014இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கச் சபை முயன்றும் அது கைகூடவில்லை. 2017இல் முதலமைச்சர் தம் அமைச்சர் ஒருவரைப் பதவி நீக்கியபோது, அந்நீக்கத்துக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் இடைக்காலத் தடை விதித்தது. தம் அமைச்சரை நியமிக்க ஆலோசனை கூறும் முதலமைச்சர் அவரை நீக்கவும் வல்லவரா என்பதே கேள்விக்குரியதாயிற்று.

இவையெல்லாம் தனியாட்களின் குணக்கேட்டால் விளைந்தவை என்று கூறுவோர் உளர். நல்லவர் ஒருவர் வந்தாற் சரியாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2015இல் அந்த நம்பிக்கைக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி போய், ஓய்வுபெற்ற இராசதந்திரி எச். எம். ஜி. எஸ். பளிகக்கார வந்தார். 2019இல் தமிழர் ஒருவரே வடக்கின் ஆளுநரானார். அதன் பின்னும் தமிழர் பலர் அப்பதவியை வகித்தனர். தாய்மொழியில் மனுக் கொடுக்கலாம், தாய்மொழியில் மறுமொழி பெறலாம் என்பது சிறு நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு சொல்லேனும் மாறவில்லை. நல்ல ஆளுநர் என்பவர் தாம்பைத் தளர்த்திப் பிடிப்பவர். தளர்த்துவதும் இறுக்குவதும் அவர் மனமாகவும், அவர் மனம் அவரை நியமித்தவரின் மனமாகவும் இருக்கும்வரை மாகாண மக்களுக்குக் கிடைப்பது தயவேயன்றி உரிமையன்று. நியமித்தவரின் மனம் மாறினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உள. 2018 டிசெம்பர் இறுதியில் ஆளுநர் யாவரையும் பதவி விலகுமாறு சனாதிபதி கேட்டுக்கொண்டார். 2024 செப்தெம்பரில் புதிய சனாதிபதி பதவியேற்றவுடன் ஒன்பது மாகாணங்களுக்கும் புதிய ஆளுநர்கள் நியமிக்கப்பட்டனர். மாகாணத்தில் எந்தத் தேர்தலும் நடைபெறவில்லை, எவ்விவாதமும் நிகழவில்லை, ஆயினும் மாகாண ஆட்சி முழுவதும் ஒரே நாளிற் கைமாறியது.

இனி, ஆளுநரின் வலிமையைப் பாதுகாப்போரின் தலையாய நியாயத்தைக் காண்போம். நாடு பிரிந்து போகாதிருக்க மத்தியின் கண்ணும் கையும் மாகாணத்தில் இருக்க வேண்டும் என்பர்; 1990 மார்ச்சில் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் காலத்தில் நிறைவேறிய பிரகடனத்தை நினைவூட்டுவர். நேர்மையான அச்சம் என்றே அதனை ஏற்று விடை கூறலாம். 1990இல் அச்சபையை முடிவுக்குக் கொண்டுவந்தது ஆளுநரின் தற்றுணிபன்று. அதே ஆண்டிற் பாராளுமன்றம் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியே அதற்கு வழி செய்தது. பாதுகாப்புப் படைகள் மத்தியிடம் உள. அவசரகால அதிகாரம் சனாதிபதியிடம் உளது. மாகாண நிருவாகம் நிலைகுலைந்தால் அதனைத் தாமே ஏற்கும் அதிகாரமும் அரசியலமைப்பில் அவருக்கு உண்டு. இத்தனை கவசங்களுக்கும் மேலாக, ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியரின் இடமாற்றக் கட்டளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் நாட்டின் ஒருமைப்பாடு தங்கியிருக்கின்றதா? ஆயுர்வேத மருந்தகத்துக்கு ஓர் ஊழியரை நியமிப்பதற்கும் பிரிவினைக்கும் என்ன தொடர்பு? மேலும், ஊவாவிலும் தென் மாகாணத்திலும் பிரிவினைக் கோரிக்கை எழுந்ததில்லை. அங்கும் ஆளுநருக்கு அதே அதிகாரங்களே. 2016இல் அரசியலமைப்பு ஆக்க முயற்சி நடந்தபோது தெற்கின் முதலமைச்சர்களும் ஆளுநர் அதிகாரங்களைக் குறைக்குமாறே வேண்டினர். ஆகவே இஃது இனப் பிரச்சினையின் ஒரு கூறு மட்டுமன்று, மக்களாட்சியின் பிரச்சினையுமாகும்.

அடுத்துக் காண வேண்டியது தமிழ்த் தரப்பின் சுலோகம். பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்து என்னும் கோரிக்கை கடிதங்களிலும் மகஜர்களிலும் தேர்தல் விஞ்ஞாபனங்களிலும் ஓயாது ஒலித்து வருகின்றது. காணி, பொலிஸ் அதிகாரங்களை எண்ணியே அவ்வாறு கேட்கின்றனர் என்பது விளங்குகின்றது. ஆனால் முழுமை என்னும் சொல்லினுள் ஆளுநரும் அடங்குவார். 154ஆ, 154இ, 154ஊ ஆகியவை ஏற்கெனவே முழுமையாக நடைமுறையில் உள்ள உறுப்புரைகள். அத்திருத்தத்திற் குறைவின்றி நிறைவேற்றப்பட்ட பகுதி ஒன்று உண்டெனின் அது ஆளுநர் பகுதியே. காணி அதிகாரம் நாளையே மாகாணத்துக்கு வந்தாலும் அதனைப் பெற்றுக்கொள்ளும் நிறைவேற்றுக் கை யாருடையது? சட்டத்தின் முதற் பக்கத்தை மாற்றாமற் கடைசிப் பக்கத்தை நிறைவேற்றக் கேட்பது, வாய்க்காலின் தலைப்பிலுள்ள மதகை மற்றவர் கையில் விட்டுவிட்டுக் கடைமடைக்கு நீர் கேட்பதை ஒக்கும். அன்றியும், 2013 தொடக்கம் 2018 வரை ஆளுநரைச் சாடியே காலங்கழித்து, ஆக்கக்கூடிய நியதிச்சட்டங்களையும் விரைந்து ஆக்காது விட்ட பழியிலிருந்து வட மாகாண சபையும் முற்றாகத் தப்பிவிட முடியாது. தாம்பின் நீளத்துக்குள்ளும் மேயாதிருந்த ஆடு, தாம்பை மட்டும் குறை சொல்லுதல் தகுமா?

எனினும் பழி முழுவதையும் சபைகளின் மேற் சுமத்துவோர்க்கு அதன் பின் நிகழ்ந்தவை விடை கூறும். 2017 தொடக்கம் 2019 வரை ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாயின. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கலப்புத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகத்தில் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்னும் இடைவெளியிலே தேர்தல் தொலைந்து போயிற்று. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் அத்தேர்தல் நடைபெற்றிருக்கவில்லை. இவ்வளவு காலமும் மாகாணங்கள் இயங்காது நின்றனவா? இல்லை. பாடசாலைகள் நடந்தன, வைத்தியசாலைகள் நடந்தன, நிதி ஒதுக்கப்பட்டது, நியமனங்கள் வழங்கப்பட்டன, இடமாற்றங்கள் நிகழ்ந்தன. மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட சபை இல்லாமலே மாகாண இயந்திரம் ஓடியது. ஒரு வண்டியின் பாகம் ஒன்றைக் கழற்றிய பின்னும் வண்டி தடையின்றி ஓடுமாயின், கழற்றியது சக்கரமன்று என்பது தெளிவு. மாகாண சபை இம்மாகாண முறையின் சக்கரமாக அமைக்கப்படவேயில்லை என்பதை இவ்வாண்டுகள் ஐயந்திரிபற மெய்ப்பித்துவிட்டன.

இதன் விலையைக் கொடுப்போர் சாதாரண மக்கள். யாழ்ப்பாணத்தில் ஆளுநர் செயலகத்தின் வாயிலில் வேலையற்ற பட்டதாரிகளும் தொண்டர் ஆசிரியர்களும் வெயிலிற் பதாகை ஏந்தி நின்ற காட்சி பலமுறை கண்டதே. அவர்கள் யாரிடம் போவது? தொகுதியில் மாகாண சபை உறுப்பினர் இல்லை. வாக்கைக் காட்டி அச்சுறுத்துவதற்கு அமைச்சர் இல்லை. உள்ளேயிருப்பவர் அவர்கள் வாக்காற் பதவி பெற்றவரல்லர். அவர்கள் வாக்காற் பதவி இழப்பவருமல்லர். அவர் மனுவை வாங்கலாம், வாங்காது விடலாம். வாங்கினாற் கருணை, வாங்காவிட்டால் முறையிட இடமில்லை. கலைப்பீடத்திற் பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வோர் அணியும் அவ்வாயிலை நோக்கியே நடக்கின்றது என்பதால், ஆளுநர் அதிகாரம் என்பது சட்ட மாணவர்க்கு மட்டும் உரிய விடயமன்று.

தேர்தலை உடனே நடத்துக என்னும் கோரிக்கை நியாயமானது. ஆனால் அது மட்டும் போதாது. தேர்தலோடு சேர்த்துச் சில திருத்தங்கள் கேட்கப்படல் வேண்டும். முதலாவது, ஆளுநர் நியமனத்துக்கு முதலமைச்சரின் இணக்கம் வேண்டும். இரண்டாவது, தற்றுணிபு எவையெவை என்பதை அரசியலமைப்பே எண்ணிக் கூறல் வேண்டும்; 154ஊ உறுப்புரையிலுள்ள முடிவானது என்னும் வாசகமும் சனாதிபதியின் பணிப்புரை என்னும் வாசகமும் நீக்கப்படல் வேண்டும். மூன்றாவது, மாகாண அரசாங்க சேவையும் நிதி விதிகளும் ஆளுநரிடமிருந்து எடுக்கப்பட்டுச் சுயாதீனமான ஆணைக்குழுவிடமும் சபையிடமும் ஒப்படைக்கப்படல் வேண்டும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. 42ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தினாற் போதும். நான்காவது, நியதிச்சட்டத்துக்கு இசைவளிக்க நாட்கணக்கில் எல்லை வேண்டும். ஐந்தாவது, சபையின்றி ஆளுநர் ஆளும் காலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். அது கடந்தால் தேர்தல் தானாகவே நடைபெறல் வேண்டும். இவை வானத்தை வில்லாக வளைக்கக் கேட்பனவல்ல. அமைச்சர் வாரியத்தின் ஆலோசனைப்படியே ஆளுநர் செயலாற்ற வேண்டும் என்னும் கருத்து, 2017இல் வெளியான அரசியலமைப்புச் சபை வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையிலேயே இடம்பெற்றதொன்றாகும்.

வாசகங்களைத் திருத்தினால் மட்டும் எல்லாம் நிறைவுறும் எனக் கருதுவதும் பேதைமை. இந்தியாவின் வரலாறு அதற்கு எச்சரிக்கை. 1991 சனவரியில் தமிழ்நாட்டு அரசைக் கலைக்க ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநரின் அறிக்கை மீதோ வேறுவகையாகவோ என்னும் சட்ட வாசகத்தின் பிற்பாதியைப் பற்றிக்கொண்டு டில்லி அவ்வரசைக் கலைத்தது. நேர்மையான ஆளுநர் ஒருவர் தடுத்தும் தடுக்க முடியாத அநீதி அது. 1994ஆம் ஆண்டின் பொம்மை வழக்குத் தீர்ப்பே அப்போக்குக்குக் கடிவாளமிட்டது. சட்டமூலங்களை ஆளுநர் கிடப்பில் வைப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கால எல்லை வகுத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஐவர் கொண்ட ஆயம், அத்தகைய எல்லையை நீதிமன்றம் வகுக்கவியலாது என்று கருத்துரைத்தது. இலங்கையிலும் நீதிமன்றம் முற்றாக வாளாவிருக்கவில்லை. முதலமைச்சரை நியமிக்கும் ஆளுநரின் தீர்மானம் நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டதே என்னும் தீர்ப்பு 1994இன் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் உண்டு. ஆயினும் நீதிமன்றம் ஒரு நாள் கொடுப்பதை மறுநாள் எடுக்கலாம் என்பதனாலேயே சட்டத்தில் தெளிவாக எழுதிவைத்தல் அவசியமாகின்றது. எழுதிவைத்ததைக் காக்க விழிப்புள்ள மக்கள் வேண்டும் என்பதும் அதனாலேயே.

அண்ணாவின் கேள்வி அவர் நாட்டுக்குப் பொருந்தியிருக்கலாம். இந்நாட்டில் அதனைத் திருப்பிச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. கழுத்திற் கயிறு கட்டப்பட்ட ஆடு முளையைச் சுற்றிச் சுற்றி மேய்ந்து, அந்த வட்டத்தையே வயல் என்று எண்ணிக்கொள்ளும். கயிற்றைப் பிடித்திருப்பவர் இராணுவத்தாரா சிவிலியரா, சிங்களவரா தமிழரா என்னும் விவாதத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இனி எழுப்ப வேண்டிய கேள்வி, கயிறு ஏன் இருக்கின்றது என்பதே. அடுத்த மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆளுநரை எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்பதை விடுத்து, 154ஊ உறுப்புரையையும் 32ஆம் பிரிவையும் எப்போது மாற்றுவீர்கள் என்று மக்கள் கேட்கத் தொடங்கும் நாளிலேயே அதிகாரப் பகிர்வு என்னும் சொல் இந்நாட்டிற் பொருள் பெறத் தொடங்கும்.